அத்தியாயம் 6: அறைக்கு ஒரு வெயில்

ஆண்டில் இரண்டு நாள், ஆற்காட்டில் உச்சிப்பொழுதில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழல் விழாது. ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 18ஐ ஒட்டி இன்னொரு நாள். ஊர் ஏறத்தாழ 12.9 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், அந்த நாட்களில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. முதல் நாள் கழிந்த பத்து நாளில் கத்திரி பிறக்கும். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருப்பதால், சென்னையைப் பிற்பகலில் ஆற்றும் கடற்காற்று இங்கே வந்து சேர இரவாகிவிடும். பல நாள் வருவதே இல்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை.

சூரியன் உச்சியில் நிற்கும் வாரங்களில் வெயிலை அதிகம் வாங்குவது சுவர் அல்ல, மொட்டை மாடி. நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் சுமார் 900 வாட் விழுகிறது. வெயிலும் மழையும் பட்டுக் கறுத்துப்போன சிமென்ட் தளம் அதில் பத்தில் ஏழு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். நூறு சதுர மீட்டர் மாடி என்றால் 63 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் அறுபத்து மூன்றை மாடியில் கவிழ்த்து வைத்த கணக்கு இது. இதில் பெரும்பகுதி காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிவிடுகிறது. மீதி தளத்துக்குள் இறங்கி, மெல்ல மெல்ல நம் அறைக்கு வருகிறது.

அப்படி வரும் வெப்பம் எல்லா அறைக்கும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் வருவதில்லை. அறைக்கு அறை அதை அளந்து, அறைக்கு அறை கட்டுப்படுத்தும் கம்பியில்லாக் கருவிகள் இன்று சாதாரணக் கடைகளில் கிடைக்கின்றன. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வாங்குவது என்ற வரிசை தெரிந்தால்தான் அவை பயன்படும்.

குளிர்நாட்டு வீடும் நம் வீடும்

அறைவாரிக் கட்டுப்பாடு குளிர்நாடுகளில் பிறந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன், பள்ளிப் பணியாளர் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சூட்டைப் பார்த்துவிட்டு, அடித்தளத்துக்கு இறங்கிக் காற்றுத் தடுப்பைத் திருப்ப வேண்டியிருப்பதைக் கண்டார். அறையில் சூடு கூடினால் மின்குறிப்பு அனுப்பும் தெர்மோஸ்டாட்டுக்கு 1883இல் காப்புரிமை பெற்றார். 1943இல் டென்மார்க்கின் மேட்ஸ் கிளாசன், அறையில் இருக்கும் வெந்நீர் ரேடியேட்டரிலேயே பொருத்தி, சூடு ஏறினால் தானே மூடிக்கொள்ளும் வால்வுக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் தன் வீட்டை மேம்படுத்தும்போது, இந்த வால்வின் தலையில் பேட்டரியும் சிறு மோட்டாரும் கொண்ட கருவியைப் பொருத்துகிறது. அது கம்பியில்லாமல் கொதிகலனுடன் பேசுகிறது. முதலில் கூடம், பிறகு படுக்கையறை, பிறகு பிள்ளைகள் அறை என்று ஆண்டுக்கொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். அங்கே வெப்பத்தின் ஊற்று ஒன்று. வேலை, அதை அறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது.

நம் வீட்டின் அமைப்பு இதற்கு நேர்மாறு. பழைய வீடானாலும் புதிய வீடானாலும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஃபேன், அதற்கு ஒரு ரெகுலேட்டர். ஏசி இருந்தால் ஓர் அறையில் மட்டும். பிரித்துக் கொடுக்கும் வேலையை வீடு கட்டும்போதே முடித்துவிட்டோம். இங்கே இல்லாதது அளவீடு. எந்த அறை எந்த நேரத்தில் எத்தனை டிகிரி என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஃபேனுக்கும் தெரியாது. ஏசிக்குத் தெரிவதும் பாதிதான்.

அளக்க வேண்டிய இடம்

எதை அளக்கிறோம் என்பதைவிட எங்கே அளக்கிறோம் என்பது முக்கியம். தோல் தொழிலோடு பழகியவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. பச்சைத் தோலை நீரில் போட்டுச் சூடேற்றினால் 60 முதல் 65 டிகிரிக்குள் அதன் கொலாஜன் இழைகள் குலைந்து தோல் சுருங்கிவிடும். குரோம் பதனிட்ட தோல் கொதிநீரையே தாங்கும். அது சரியாகப் பதப்பட்டதா என்று பார்க்க டேனரிகளில் எளிய சோதனை உண்டு. தோலில் ஒரு சிறு துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்வார்கள். துண்டைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டெடுத்து, மறுபடி அதே கோட்டுக்குள் வைத்துப் பார்ப்பார்கள். கோட்டை நிரப்பினால் சரி, உள்ளே வாங்கிவிட்டால் இன்னும் பதப்பட வேண்டும். தீர்ப்பு சொல்வது தோல் துண்டு. டிரம்மின் மேல் இருக்கும் மீட்டர் அல்ல.

ஏசி அளப்பதோ நாம் இருக்கும் இடத்தில் அல்ல. அதன் முன்மூடியைத் திறந்து பாருங்கள். வடிகட்டி வலைக்குப் பின்னால், குழாய்த் துடுப்புகளின் முன், ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் மிளகு அளவில் ஒரு மணி செருகியிருக்கும். இரண்டு மெல்லிய ஒயர்கள் அதிலிருந்து சர்க்யூட் போர்டுக்குப் போகும். அதுதான் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்தத் தடையைப் படித்துத்தான் ஏசி அறையின் வெப்பத்தை முடிவு செய்கிறது. அது இருப்பதோ தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில், காய்ந்த கூரைக்கு அருகில். படுத்திருப்பவர் இருப்பது இரண்டடி உயரத்தில். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். 24 வைத்தும் வியர்க்கிறது, 26 வைத்தும் நடுங்குகிறது என்ற இரண்டு புகாருக்கும் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

கம்பியில்லா உணரியின் பயன் இந்த இடத்தில் தொடங்குகிறது. அளக்கும் கருவியை இயக்கும் கருவியிலிருந்து பிரித்து, மனிதர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

தளத்துக்கு ஒரு கடிகாரம், ஷீட்டுக்கு ஒரு கடிகாரம்

வெப்பம் கான்கிரீட்டுக்குள் ஊர்ந்துதான் போகும். ஐந்து அங்குலக் கான்கிரீட்டை வெயிலின் உச்சம் கடந்து கீழே வர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். மேலே செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் ஐந்தாறு மணி நேரம். மேல்பரப்பு பகல் ஒரு மணி வாக்கில் 60 டிகிரியை நெருங்குகிறது என்றால், கூரையின் அடிப்பக்கம் மாலையில்தான் உச்சத்தைத் தொடும். இரவு ஒன்பது மணிக்கு ஃபேனைப் போட்டால் சுடுகாற்று இறங்குவதன் காரணம் இதுதான். வெளிக்காற்று தணிந்த பிறகும் கூரை தன் கையிருப்பை அறைக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. காற்று மட்டுமா? கூரையிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் படுத்திருப்பவர் உடலை நேராகவே சுடுகிறது. காற்றின் வெப்பத்தை மட்டும் அளக்கும் மீட்டரில் இது முழுமையாகத் தெரியாது.

சிமென்ட் ஷீட் வேய்ந்த வீட்டுக்குக் கடிகாரமே வேறு. மெல்லிய ஷீட்டில் தாமதம் கிடையாது. காலை பத்து மணிக்கே உள்ளே அனல். வெயில் தாழ்ந்ததும் ஷீட் ஆறிவிடும், நள்ளிரவில் தளம் போட்ட வீட்டைவிட அது குளிர்ந்திருக்கும்.

இந்த வேறுபாடு ஆம்பூர்ப் பகுதியில் பிழைப்பைத் தொடுகிறது. ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் இங்கே பல ஊர்களில் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் ஊசி பிடிப்பது பகலில். ஷீட் வீட்டில் இருப்பவருக்குத் தணிப்பு வேண்டிய நேரம் பதினொன்றிலிருந்து நான்கு, வேண்டிய இடம் தைக்கும் மூலை. தளம் போட்ட வீட்டில் இருப்பவருக்கு வேண்டியது இரவு எட்டிலிருந்து இரண்டு, படுக்கும் அறை. ஆகவே தனியாகக் கட்டுப்படுத்த வேண்டிய ஒரு பகுதியை, அதாவது ஒரு மண்டலத்தை, வரையும்போது சுவரை மட்டும் பார்த்தால் போதாது, நேரத்தையும் சேர்த்து வரைய வேண்டும்.

முதல் படி: நான்கு மீட்டர், ஒரு நோட்டு

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு டிஜிட்டல் மீட்டர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. படுக்கையின் தலைமாட்டில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, வெளியே நிழலில் ஒன்று வையுங்கள். வெயில் படும் சுவரிலோ ஏசியின் நேர்க்காற்றிலோ வைக்கக் கூடாது. காலை ஆறு, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எந்த அறை எப்போது வெளியைவிடச் சூடாகிறது என்பது தெளிவாகிவிடும். பின்னால் வரும் எல்லாச் செலவும் இந்த நோட்டைப் பார்த்துத்தான்.

எத்தனை டிகிரியை இலக்காக வைப்பது? ஆமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை உள்பட ஐந்து நகரங்களின் அலுவலகக் கட்டடங்களில் மக்களைக் கேட்டு, இந்தியருக்கான வெப்பச் சுகக் கணக்கு ஒன்றை 2014இல் வெளியிட்டார்கள். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பில் அது இடம்பெற்றது. ஜன்னல் திறந்து வாழும் கட்டடத்தில், வெளி வெப்பத்தின் முப்பது நாள் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்டினால் உடலுக்கு இதமான அளவு கிடைக்கும். சராசரி 32 என்றால் விடை 30.1 டிகிரி. வெயிலுக்குப் பழகிய உடல், ஃபேன் காற்றோடு, 30 டிகிரியில் நன்றாகவே இருக்கும். வீடு முழுவதையும் 24க்கு இறக்க வேண்டிய தேவை உடலுக்கு இல்லை.

இரண்டாம் படி: கூரை

உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை மின்சாரம் கொடுத்து வெளியேற்றுவதைவிட, வராமல் தடுப்பது மலிவு. வெள்ளைப் பூச்சு அடித்த தளம் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மேல்பரப்பு பத்து இருபது டிகிரி குறையும். உள்ளே இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை தணிவு கிடைக்கலாம். சுண்ணாம்பு அடிப்பது மிக மலிவான வழி, ஆனால் ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும். கூலிங் பெயிண்ட்டும் வெள்ளை டைல்ஸும் நாள்பட நிற்கும். எதுவானாலும் தூசி படிந்தால் பலன் குறைந்துகொண்டே போகும், ஆகவே கோடைக்கு முன் மாடியைக் கழுவியே ஆக வேண்டும். ஷீட் வீட்டுக்கு வெள்ளைப் பூச்சும், உள்ளே காற்று இடைவெளி விட்டுப் போடும் அடிக்கூரையும் உடனே பலன் தரும். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. இந்த நோக்கம் நம் பக்கத்துக்கும் மிக அவசரம்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு மற்றதை வாங்கினால், ஏசி இரவெல்லாம் கூரையோடு மல்லுக்கட்டும். எந்த உணரியும் அதைச் சரிசெய்யாது.

மூன்றாம் படி: காற்று

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நான்கு ஃபேன், நாளுக்குப் பதினாறு மணி நேரம் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 288 யூனிட் ஆகும் செலவு 115க்கு இறங்குகிறது. மின்வெட்டில் வீட்டு பேட்டரியும் அதிக நேரம் தாங்கும். மாற்றும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது. வேகத்தை அதன் ரிமோட்டே பார்த்துக்கொள்ளும். அந்த ரிமோட் வழியாகத்தான் பின்னாளில் கம்பியில்லாக் கட்டுப்பாடும் வரும்.

ஃபேனுக்கு ஓர் எல்லை உண்டு. தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. அறைக்காற்று அதைத் தாண்டினால் ஃபேன் காற்று உடலுக்குச் சூட்டைக் கொண்டுவரும், வியர்வை உலர்வது மட்டுமே தணிப்பு. முதியவர்களுக்கு வியர்வை குறைவு. 38 டிகிரி அறையில் ஃபேன் சுற்றுகிறதே என்று அவர்களை விட்டுவிடக் கூடாது.

அந்தப் பகல் நேரத்துக்கு வேலூர் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. இங்கே மே மாதக் காற்று உலர்ந்தது. 40 டிகிரியும் 30 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்போது, நல்ல ஏர் கூலர் 29 டிகிரி அளவில் காற்றுத் தரும். சென்னையின் கசகசப்பில் இது நடக்காது. கூலருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், தண்ணீரும் வேண்டும். பாலாற்றுப் படுகையின் நீர் டேனரிக் கழிவால் கெட்டது உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பான செய்தி ஊரறிந்தது. உப்பு மிகுந்த போர் தண்ணீர், கூலரின் புல் திண்டில் வெள்ளைப் பொருக்காகப் படிந்து துளைகளை அடைத்துவிடும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து கழுவினால் திண்டு நீடிக்கும்.

இரவுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன். வெளியே 31, உள்ளே 35 என்று நோட்டு காட்டும் நேரத்தில் அதை ஓட்டி, எதிர் ஜன்னலைத் திறந்தால் வீட்டின் சூடு வெளியேறும். பகலில் ஓட்டினால் அனல் உள்ளே வரும். வெளியும் உள்ளும் ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டிய இந்த இடத்தில்தான் முதல் கம்பியில்லா உணரிக்கு நியாயமான வேலை பிறக்கிறது.

நான்காம் படி: ஓர் அறை, முழு அடைப்பு

ஏசி வேண்டுமானால் ஓர் அறையில் தொடங்குங்கள். வீட்டார் எல்லோரும் கடும் இரவில் படுக்கக்கூடிய அறையாக அது இருக்கட்டும். மேற்கு வெளிச்சுவர் இல்லாத அறை உத்தமம். கதவின் அடிச்சந்தையும் ஜன்னல் இடுக்கையும் அடைத்துவிட்டுப் பிறகு ஏசியின் டன்னைத் தீர்மானியுங்கள். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் இயக்கியதும் 24 டிகிரியில் தொடங்கும்படி மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு விதித்தது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது அதே அமைப்பின் கணக்கு. சராசரி 700 வாட் இழுக்கும் ஏசி நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 336 யூனிட். மெல்லச் சுற்றும் ஃபேனோடு, 24க்குப் பதில் 27 வைத்தால் அதில் 60 யூனிட் குறையும்.

ஐந்தாம் படி: கம்பியில்லாமல் பேசும் வீடு

முதல் கம்பியில்லா உணரி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கலாம். பல ஏசி ரிமோட்டுகளில் ‘ஐ ஃபீல்’ அல்லது ‘ஃபாலோ மீ’ என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ரிமோட்டுக்குள் இருக்கும் தெர்மிஸ்டர் வேலையை எடுத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தன் அளவை அகச்சிவப்பு ஒளியாக ஏசிக்கு அனுப்பும். ரிமோட்டைத் தலைமாட்டில், ஏசியை நோக்கி வைத்தால் போதும். ஒரு ரூபாய் செலவில்லாமல் அளவுகோல் படுக்கைக்கு வந்துவிடும்.

அடுத்து, ரேடியோவில் பேசும் உணரிகள். காசு வடிவ பேட்டரியில் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி மின்சாரம் இருக்கும். உணரி பெரும்பாலான நேரம் உறங்கி, அவ்வப்போது விழித்துச் சில எண்களை அனுப்பிவிட்டு மறுபடி உறங்குவதால், சராசரி இழுப்பு பத்து மைக்ரோ ஆம்பியருக்குள் அடங்கும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடும். வைஃபையும், உணரிகள் பேசும் ஜிக்பி முறையும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கம்பி நிறைந்த கான்கிரீட் தளம் வெகுவாகத் தடுக்கும். 865 மெகாஹெர்ட்ஸ் அலை இன்னும் நன்றாக ஊடுருவும். இந்தியாவில் 865 முதல் 867 வரையிலான பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005 முதல் அனுமதி உண்டு. அமெரிக்காவில் இதற்குப் பயன்படுவது 915. வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் கருவியில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

இயக்கும் பக்கத்தில் இரண்டு வழி. ஒன்று, ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளி வீசும் சிறு பெட்டி. இது கட்டளையை அனுப்பும், ஏசி அதைக் கேட்டதா என்று பெரும்பாலும் இதற்குத் தெரியாது. ஆகவே அறையின் உணரி பதினைந்து நிமிடத்தில் வெப்பம் இறங்கவில்லை என்று சொன்னால் மறுபடி அனுப்பும்படி விதி எழுத வேண்டும். இன்னொன்று, சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கும் ரிலே. இதற்கு நியூட்ரல் ஒயர் வேண்டும். நம் போர்டுகளில் பிளக் பாயிண்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் பெரும்பாலும் கிடைத்துவிடும். எக்ஸாஸ்ட்டுக்கும் கூலருக்கும் ரிலே பொருந்தும். ஏசியை ஸ்மார்ட் பிளக்கால் அணைத்து அணைத்துப் போடுவது தவறு. இன்வெர்ட்டர் ஏசியின் கம்ப்ரஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தெரிந்தது, அதற்கு மாற்ற வேண்டியது டிகிரி மட்டுமே.

விதிகள் சிலவே போதும். உள்ளே வெளியைவிட இரண்டு டிகிரி கூடினால் எக்ஸாஸ்ட் ஓடட்டும், வித்தியாசம் ஒன்றுக்கு இறங்கினால் நிற்கட்டும். இந்த ஒரு டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் கருவி நிமிடத்துக்கு நிமிடம் விழித்து அணையும். அதிகாலை மூன்று மணிக்கு ஏசியின் அளவு ஒரு டிகிரி ஏறட்டும், அதற்குள் கூரை ஆறியிருக்கும். இணையம் போனாலும் வீட்டுக்குள்ளேயே விதி ஓட வேண்டும். சுவர் சுவிட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும். செல்போன் இல்லாத பாட்டிக்கு ஃபேன் போட வழியில்லாத வீடு முன்னேறிய வீடு அல்ல.

யாருக்கு முதலில்

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் கட்டணம் ஏறிவிடும். மேலே சொன்ன ஃபேன் மாற்றமும் ஏசியில் கூட்டிய மூன்று டிகிரியும் சேர்ந்து 230 யூனிட் மிச்சம் செய்கின்றன. 700ஐத் தொடும் வீடு இந்த எல்லைக்குக் கீழே வந்துவிடும். அந்த மிச்சத்திலிருந்து அடுத்த படிக்குப் பணம் சேர்க்கலாம்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடரை வீடு முழுவதும் ஏசி போட்டுச் சமாளிக்க இந்தப் பகுதியின் பெரும்பாலான குடும்பங்களால் முடியாது. ஓர் அறையை, ஒரு மூலையை, சில மணி நேரம் பாதுகாப்பாக வைக்க அநேகரால் முடியும். எனவே எந்தக் கருவியும் வாங்கும் முன், ஒரு தாளில் வீட்டார் பெயர்களையும், ஒவ்வொருவரும் எந்த மணியில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர், கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் முதியவர், ஷீட்டுக்குக் கீழே ஷூ தைப்பவர் ஆகியோர் அந்தத் தாளின் மேல்வரியில் இருக்க வேண்டும். முதல் வெள்ளைப் பூச்சும், முதல் நல்ல ஃபேனும், முதல் உணரியும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே போகட்டும்.